பழைய வண்டியும் பவர் ஸ்டீயரிங்கும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் இலக்கியம் கேட்டுப் பழகிய அன்பர்களுக்கு மோட்டார் வண்டியைப் பற்றிய பேச்சு சற்றுப் புதுமையாக இருக்கலாம். ஆயினும் எங்கள் வீட்டு அம்பாசிடரை இக்காலனியில் அறியாதார் இலர். உங்களில் பலரை டாட்டாநகர் ரயிலடிக்கும், சிலரைப் பிரசவ விடுதிக்கும் கொண்டு சேர்த்த வண்டி அது. அதனைச் சிறு செலவில் செப்பனிட்ட வரலாற்றைக் கூறுமாறு செயலாளர் பணித்தார், அதனால் துணிந்தோம்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியாகக் கொண்டு, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை செய்து வந்தது அம்பாசிடர். 2014 ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. எங்கள் வண்டி 1984 ஆம் ஆண்டினது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உடையது. அதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓடும்போது சக்கரம் எளிதில் திரும்பும். நிறுத்துமிடத்தில் திருப்புவதற்கோ தோள் வலிமை முழுதும் வேண்டும்.

எழுபத்தாறு வயதான எங்கள் தந்தையாருக்கு அத்தோளே நலிந்தது. எங்கள் அன்னையாரை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதைத் தம் கடமையாகவும் பெருமையாகவும் கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் மருத்துவமனை வாயிலில் வண்டியை முழுதும் திருப்ப இயலாமல் சுவரில் உராய்த்துவிட்டார். வீடு வந்ததும் சாவியை மேசைமேல் வைத்து, "இனி இதை விற்றுவிடுங்களப்பா" என்றார். அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. வண்டியை விற்பதா, அவர் கைக்கு ஏற்றதாக ஆக்குவதா என்பதே எங்கள்முன் நின்ற கேள்வி. முதலில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணும் காலும் செவியும் குறையற்றவை, தோள் ஒன்றே குறை என்று அவர் உறுதி கூறிய பின்னரே வண்டியின் பக்கம் திரும்பினோம். இவ்வரிசையை எவரும் மாற்றலாகாது.

செலவில்லாத மருந்துகளை முதலில் செய்தோம். டயரில் காற்றுக் குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும். ஆலை கொடுத்த 5.90-15 அளவினும் அகன்ற டயர் போட்டாலும் கனக்கும். அழகுக்காக நாங்கள் செய்திருந்த பிழை இது. சக்கரம் திரும்பும் மூட்டுகளில் கிரீஸ் வற்றியிருந்தது. நிப்பிள் ஒவ்வொன்றிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதியதை ஏற்றி, தேய்ந்த புஷ்களை மாற்றி, சக்கரங்களின் அலைன்மெண்டைச் சரிசெய்து, உரிய அளவு டயரையே திரும்பப் பூட்டினோம். வீட்டில் இருந்த பழைய டயர்களே பயன்பட்டமையால் செலவு 2,400 ரூபாய்தான். பாரத்தில் பெரும்பங்கு இதனாலேயே குறைந்தது. பவர் ஸ்டீயரிங் வேண்டும் என்று எண்ணுவோர் பலருக்கு உண்மையில் வேண்டுவது ஒரு கிரீஸ் கன் மட்டுமே எனலாம்.

எஞ்சிய பாரத்துக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று, பழைய சிறு கார்களிலிருந்து கழற்றிய மின்சார ஸ்டீயரிங். விலை மலிவு. ஆனால் அதைப் பொருத்த ஸ்டீயரிங் தண்டை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். அந்தப் பற்று விட்டால் வண்டி எவர் சொல்லும் கேளாது. மேலும், நின்ற இடத்தில் திருப்பும்போது அம்மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை எங்கள் பழைய மின்னமைப்பு தாங்காது. ஆகவே அதனைக் கைவிட்டோம்.

மற்றொன்று எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. 1951 இல் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை இதுவே. எஞ்சினின் பெல்ட் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மெல்லிய தண்டு ஒன்று சற்றே முறுக்குண்டு வால்வைத் திறக்கிறது. எண்ணெய் பாய்ந்து ரேக்கைத் தள்ளுகிறது. எஞ்சின் நின்றுவிட்டாலும் சக்கரம் திரும்பும். கனம் மட்டுமே கூடும். பிற்காலத்து அம்பாசிடர்கள் சிலவற்றில் ஆலையே இதனைப் பொருத்தி அனுப்பியது. அவ்வகைப் பழைய ரேக்கும் பம்பும் தேடிக் கல்கத்தா மல்லிக் பஜாருக்குச் சென்றோம். காலை வண்டியில் போய், 9,500 ரூபாய்க்கு இரண்டையும் வாங்கி, இரவு வண்டியில் திரும்பினோம். ரேக் அதனிடத்தில் சிறு திருத்தத்துடன் அமர்ந்தது. பம்பைத் தாங்கும் இரும்புப் பிடியை மட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பிடிக்கும் மிஸ்திரியின் கூலிக்கும் 5,000 ரூபாய் ஆயிற்று.

இங்கே எங்கள் அறியாமை ஒன்றையும் மறையாது கூறுகிறோம். மிச்சம் பிடிக்கும் ஆசையால் பழைய ரப்பர்க் குழாய்களையே பொருத்தினோம். இக்குழாயில் எழும் அழுத்தம், டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு. மூன்றாம் நாள் குழாய் வெடித்து எண்ணெய் சிதறியது. வண்டி வீட்டு வாசலில் நின்றிருந்ததால் ஒருவருக்கும் தீங்கில்லை. பிறகு 3,600 ரூபாய் கொடுத்து அழுத்தம் தாங்கும் புதுக் குழாய்களும் எண்ணெயும் வாங்கினோம். ரேக்கும் பம்பும் பழையனவாக இருக்கலாம். குழாயும் பெல்ட்டும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். எண்ணெய் நிரப்பிய பின், முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிடாமல் இருபுறமும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்றுக. அதன்பின் எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் திருப்புக. ஓட்டும்போதும் கடைசி எல்லைவரை திருப்பிச் சில நொடிகளுக்குமேல் பிடித்திருத்தல் ஆகாது. பம்பு சூடேறிக் கெடும்.

மொத்தச் செலவு 20,500 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் ஆலை குறித்தவற்றினின்று மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. ஆதலால் வேலை தொடங்குமுன்னரே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்றோம். நீங்களும் அவ்வாறே செய்க.

வேலை முடிந்த அன்று தந்தையார் நெடுநேரம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருந்தார். பின் ஒரே கையால் சக்கரத்தை இப்புறமும் அப்புறமும் திருப்பினார். எங்களைப் பார்த்து ஒன்றும் கூறவில்லை. உள்ளே நோக்கி, "புறப்படலாமா?" என்று அன்னையாரை அழைத்தார். இப்போது பகலில் மட்டும், மருத்துவமனைக்கு மட்டுமே அவர் ஓட்டுகிறார். எங்களில் ஒருவர் அருகில் அமர்ந்து செல்கிறோம். ஆண்டுதோறும் மருத்துவர் பார்த்துச் சொல்வதே முடிவு. அவர் வேண்டாமென்று சொல்லும் நாளில் சாவியைத் தாமே தருவதாகத் தந்தையார் வாக்களித்திருக்கிறார்.

முதியோரிடமிருந்து ஒன்றை வாங்கி வைப்பது எளிது. அதன் பாரத்தைக் குறைத்து அவர்கள் கையிலேயே இருக்கச் செய்வதற்குச் சிறிது பொறுமையும் சிறிது பொருளும் போதும். நம் காலனியில் எவருக்கேனும் இவ்வேலையில் துணை வேண்டுமாயின், எங்கள் கிரீஸ் கன்னும் ஜாக்கியும் சங்கத்துக்கு உரியனவே.