பெற்றோர்க்குக் கணினி பயிற்றல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வியின் அவசியத்தைப் பற்றி இம்மேடையில் பலர் பலமுறை பேசியிருக்கின்றனர். அவையெல்லாம் பெற்றோர் தம் மக்களுக்கு அளிக்கவேண்டிய கல்வியைப் பற்றியன. மக்கள் தம் பெற்றோர்க்குக் கற்பிக்கவேண்டிய கல்வி ஒன்று இப்பொழுது நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது. அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் அதில் வல்லோம் என்று கருதிப் பணித்தார்களாயின் அது அவர்களுடைய அன்பு மிகுதி. தவறு செய்து பட்டறிந்தோம் என்னும் உரிமை ஒன்றே எமக்கு உண்டு.

முதியோர்க்குக் கணினி எதற்கு என்று கேட்பார் இன்றும் நம்மிடையே உளர். மின்சாரக் கட்டணம், சமையல் வாயுப் பதிவு, ரயில் டிக்கெட்டு, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் அதற்குள் போய்விட்டன. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதற்கு ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய சான்றையும், 2014ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்பட்ட ஜீவன் பிரமாண் என்னும் முறையினால், வீட்டிலிருந்தபடியே கொடுக்கலாகும். இவற்றையெல்லாம் மகனோ மருமகளோ செய்து கொடுத்தால் போதாதா எனின், யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

எமது தந்தையார்க்கு இப்பொழுது பிராயம் எழுபத்தொன்பது. ஐம்பது வருஷகாலம் மளிகைக் கடை நடத்தியவர். சிட்டையும் பேரேடும் அவர் கையில் பிசகியதை யாம் கண்டதில்லை. கடையை விட்டு ஓய்ந்தபின், தாமும் கணினி பழகவேண்டுமென்று அவரே வாய்விட்டுக் கேட்டார். யாம் வழங்காது ஒதுக்கியிருந்த பழைய கணினி ஒன்றை அவர் அறையில் வைத்தோம். (பெற்றோர்க்குக் கழித்த பொருளைக் கொடுக்கும் இவ்வழக்கம் வேறு விஷயங்களிலும் நம்மிடம் உண்டு, அதனை மற்றொரு சமயம் பேசுவோம். கழித்த கணினி கொடுப்போர் ஒன்று மட்டும் கவனிக்க: விண்டோஸ் 10 என்னும் பதிப்புக்கு உரிய வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பூட்டில்லாக் கதவை முதியோர் அறைக்கு இடுவது முறையன்று.)

முதல் நாள் பாடத்தை இப்பொழுது நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. மௌஸைப் பிடித்த அவர் கை நடுங்கியது. இருமுறை அழுத்துங்கள் என்றோம். முதல் அழுத்தத்துக்கும் இரண்டாவதற்கும் இடையே மௌஸ் நகர்ந்தது, அழுத்தியது பலிக்கவில்லை. மூன்றாம் முறை யாம் பொறுக்கமாட்டாது, "கொடுங்கள் அப்பா" என்று அவர் கையிலிருந்து அதை வாங்கி, நொடியில் செய்து காட்டி, "இவ்வளவுதான்" என்றோம். ஒரு வாரம் இவ்வாறே நடந்தது. அவர் நாற்காலி ஒரு முழம் பின்னே போயிற்று. எமது நாற்காலி ஒரு முழம் முன்னே வந்தது. பிறகு ஒருநாள் அந்த யந்திரத்தின்மேல் துண்டு ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. "எனக்கு எதற்கப்பா? நீயே பார்த்துக்கொள்" என்றார். அப்பனுக்கு ஆசை தீர்ந்தது என்று யாமும் இருந்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழிந்தது. ஓர் இரவு அவர் கைப்பேசியில் ஒருவன் அழைத்து, மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவே இணைப்பைத் துண்டிப்போம் என்று அச்சுறுத்தி, ஒரு செயலியை நிறுவச் சொல்லியிருக்கிறான். பிறருடைய திரையைத் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் செயலி அது. 23,000 ரூபாய் போயிற்று. அதைக் காட்டிலும் பெரிய நஷ்டம், மூன்று நாள் அவர் எம்மிடம் சொல்லாதிருந்ததே. இத்தகைய மோசடிகளை அறிவிக்க 1930 என்னும் எண் இருக்கிறது. உடனே அறிவித்தால், பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. நான்காம் நாள் அறிவிப்பவனுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எமக்கும் அடைபட்டேயிருந்தது.

"ஏனப்பா முன்னமே சொல்லவில்லை?" என்றோம்.

"சொன்னால் போனையும் பிடுங்கிக்கொள்வாயே" என்றார்.

சபையோர்களே! களவு கொடுத்தவர் கள்வனுக்கு அஞ்சவில்லை, மகனுக்கு அஞ்சினார். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

மறுநாள் அவரே பேச்சைத் தொடங்கினார். 1957ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபொழுது அவருக்குப் பதினொரு வயது. எமது பாட்டியார் வீட்டுத் திண்ணையில் மோர் விற்றவர், எழுத்தறியார், அணாக் கணக்கில் மட்டும் அசகாயசூரி. ரூபாய்க்கு 16 அணாவென்றிருந்தது 100 நயா பைசாவாயிற்று. ஓரணாவுக்கு 6 நயா பைசா, நாலணாவுக்கு 25 என்று சர்க்கார் கணக்கு. "நாலாறு இருபத்துநாலுதானேடா? இருபத்தைந்து எப்படி வரும்?" என்று பாட்டியார் இரவுதோறும் கேட்பாராம். அணாவுக்கு உண்மையில் ஆறேகால் விழும், காற்பைசா என்று நாணயம் இல்லாமையால் சில்லறையில் விட்டுவிடுகிறார்கள் என்று தந்தையார் காசுகளைத் தரையில் பரப்பிச் சொல்லுவார். மறுநாள் அதே கேள்வி. "எத்தனை நாள் அப்பா?" என்று கேட்டோம். "மழைக்காலம் வரையில்" என்றார். "கோபம் வரவில்லையா?" "அவள் காசை அவள்தானே எண்ணவேண்டும்? நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் யார் எண்ணுவது?"

துண்டை எடுத்தோம். இம்முறை ஒரு நிபந்தனை எமக்கு யாமே விதித்துக்கொண்டோம். பாடம் நடக்கும் பொழுது எம் கைகள் முதுகுக்குப் பின்னே கட்டப்பட்டிருக்க வேண்டும். வாயால் சொல்லலாம்; தொடலாகாது. செய்து பார்த்தாலன்றி இஃது எத்துணைக் கடினம் என்பது விளங்காது.

அப்பொழுதுதான் சில உண்மைகள் எம் கண்ணிற் பட்டன. அவர் தலையை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தது அசிரத்தையன்று. இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் திரையைத் தேடினார். திரையைத் தாழ்த்தி எழுத்தைப் பெரிதாக்கியவுடன் கழுத்து நேராயிற்று. இருமுறை அழுத்தும் வேகத்தை அமைப்புகளில் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் வாராதோர் ஒருமுறை அழுத்தி, விசைப்பலகையில் என்டர் விசையைத் தட்டினாலும் கோப்புத் திறக்கும். கை பழகுவதற்குச் சீட்டாட்டத்தைக் கொடுத்தோம். முகஞ்சுளிக்க வேண்டா. 1990ஆம் ஆண்டில் விண்டோஸ் 3.0 பதிப்போடு சாலிடேர் என்னும் அவ்வாட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள்; மௌஸினால் ஒன்றைப் பற்றி இழுத்து விடும் பழக்கம் அதனால் வரும். பணம் வைத்தாடாத சீட்டு இதுவொன்றே என்று தந்தையார் அதற்கு நற்சாட்சி கொடுத்தார்.

எழுதுவதற்குத் தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது அது. இடக்கைப் புறம் உயிரெழுத்து, வலக்கைப் புறம் மெய். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் கா என வரும். அரிச்சுவடி படித்தவர்க்கு அதில் புதிதாய்ப் பயில அதிகமில்லை. இங்கிலீஷ் எழுத்தில் அம்மாவைக் கோத்து எழுதச் சொன்ன எமது பழைய பாடம் அவருக்கு ஏன் கசந்தது என்பதும் விளங்கியது. தட்டெழுத்து நிலையத்தில் பயின்ற பெரியோர்க்குப் பழைய தட்டச்சு அமைப்பே தோது; அவர்களை மாற்ற முயல வேண்டா.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேறு. முன்னம் அவருக்கு ஈ-மெயில் கற்பித்தோம். அவர் யாருக்கு எழுதுவார்? இம்முறை, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். "மொய் நோட்டு" என்றார். எமது அத்தையார் கலியாணம் தொட்டு வீட்டில் ஒன்பது மொய் நோட்டுகள் கிடக்கின்றன, இரண்டு செல்லரித்தவை. ஒரு பத்திரிகை வந்தால், அவர்கள் நமக்கு எப்பொழுது என்ன செய்தார்கள் என்று தேட அரைநாள் ஆகும். அவற்றைக் கணினியின் கட்டப் பேரேட்டில் ஏற்றத் தொடங்கினார்: ஊர், பெயர், விசேஷம், வருஷம், தொகை. பத்தியின் கீழ்க் கூட்டுத்தொகை தானே விழுந்த அன்று, அதனை நம்பாமல் காகிதத்தில் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். சரியாயிருந்தது. ஒருமுறை சேமிக்காமல் நிறுத்திவிட்டு, நாற்பது பெயர்களை இழந்தார். யாம் வாய் திறக்கவில்லை. மறுநாள் நாற்பதையும் மீண்டும் ஏற்றினார். சேமிக்கும் முறையைத் தம் சிட்டை நோட்டில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். யாம் அச்சிட்டுக் கொடுத்த குறிப்பை அவர் ஒருநாளும் புரட்டியதில்லை.

சென்ற மாதம் கைப்பேசியில் மறுபடி ஓர் அழைப்பு. போலீஸ் என்றும், டிஜிட்டல் அரெஸ்ட் என்றும் ஒருவன் மிரட்டினான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைது முறையே இல்லை. தந்தையார் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கூடத்துக்கு வந்து, நடந்ததை எம்மிடம் உடனே சொன்னார்.

சங்கத்துக்கு எமது விண்ணப்பம் ஒன்று. நமது வாசகசாலையில் இரண்டு கணினிகள் ஞாயிறுதோறும் பிற்பகலில் சும்மா இருக்கின்றன. அந்நேரத்தை அறுபது கடந்தோர்க்கு ஒதுக்கவேண்டும். கற்பிக்க நம் வாலிபர்களும் பெண்மக்களும் வரட்டும். அவரவர் தந்தை தாய்க்கு அவரவரே கற்பிக்காமல், ஒருவர் பெற்றோர்க்கு மற்றொருவர் கற்பிக்கட்டும். பிறர் வீட்டுப் பெரியவரிடம் நமக்கு நாவடக்கம் தானே வருகிறது. தாய்மார்கள் தங்கள் மொய் நோட்டுகளைக் கையோடு கொண்டுவரலாம். தந்தையார் வருகிற ஞாயிறு மூன்று மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.