மலைச்சாலையில் வாடகை மோட்டார் சைக்கிள்

தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குத் தெற்கே வருவது பெரும்பாலும் இரண்டு காரியங்களை முன்னிட்டே. ஒன்று, குலதெய்வ வழிபாடு. மற்றொன்று, உற்றார் உறவினரைக் காண்பது. அண்மைக் காலத்தில் மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது. வடக்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ இரயிலை விட்டு இறங்கியதும், ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலையேறிப் பார்க்க விரும்புகிறார்கள். "பேருந்து இருக்க இந்த விபரீத ஆசை எதற்கு?" என்று தாய்மார்கள் கலங்குகிறார்கள். "வழியெல்லாம் நின்று நின்று பார்க்க வேறு எதில் இயலும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. பயணத்தைத் தடுத்துவிடாமலும், உயிரைப் பணயம் வைக்காமலும் அதை ஏற்பாடு செய்வது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நிலத்தின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக ஓடி வருகையில், பாலக்காட்டில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து வழிவிடுகிறது. அந்தக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலைத் தொகுதி எழுகிறது. அதன் மறுகோடியில் இடுக்கி மாவட்டத்து மறையூரும் மூணாறும் இருக்கின்றன. பாலக்காடும் இடுக்கியும் ஒரே கேரள மாநிலத்து மாவட்டங்கள்தாம். எனினும் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்ல நினைப்பவர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டில் புகுந்து, சின்னாற்றில் மீண்டும் கேரளத்தை அடைவதே நேரான வழி. மக்கள் வகுத்த எல்லையை ஆறுகளும் மதிப்பதில்லை. தமிழ்நாட்டு ஆனைமலையில் பிறக்கும் பாரதப்புழை மேற்கே பாலக்காட்டுக்குப் பாய்கிறது. இடுக்கியில் பிறக்கும் பாம்பாறு கிழக்கே இறங்கி அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது.

இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். தில்லி நேயர்களுக்கு இந்த எண் அச்சம் தராது. 2012-இல் திறக்கப்பட்ட யமுனை விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நீளம். அதை இரண்டு மணி நேரத்தில் கடந்து ஆக்ராவில் மதிய உணவு கொள்வோர் பலர். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவருதல் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரங்கூட இல்லாத பாலக்காட்டு நகரிலிருந்து, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றுக்கு ஏற வேண்டும். இடையே வனம் உண்டு. சோதனைச் சாவடி உண்டு. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய வளைவுகள் உண்டு. ஆகவே மலையில் தொலைவைக் கிலோமீட்டரால் அளப்பதை விட்டுப் பகற்பொழுதால் அளப்பதே முறை. ஒரு பகல் முழுவதும் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

இனி வண்டியைப் பற்றிச் சொல்வோம். வாடகைக்கு விடும் மோட்டார் சைக்கிளுக்கென 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், 1997-இல் மத்திய அரசு தனித் திட்டம் ஒன்றை வகுத்தது. அதன்படி உரிமம் பெற்றவரே வண்டியை வாடகைக்கு விடலாம். அத்தகைய வண்டியை இனங்காண்பது எளிது: எண் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துக் கொண்டது சொந்த உபயோகத்துக்கான வண்டி. வாடகை சற்றுக் குறைகிறதே என்று அதை எடுத்துச் செல்பவர் பெரும் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். விபத்து நேர்ந்தால், வண்டி உரிமத்துக்கு மாறாகப் பயன்பட்டது என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. அப்போது மருத்துவமனைச் செலவும் வழக்குச் செலவும் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பலகையின் நிறத்தைப் பார்த்த பின், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, தேதி முடிந்துவிடவில்லையே என்று பாருங்கள். இவ்வழியில் மாநில எல்லையை இருமுறை கடக்க வேண்டியிருப்பதால், "இவ்வண்டி பிற மாநிலத்துக்குள் செல்லலாமா?" என்ற கேள்வியை வாயால் மட்டும் கேட்டு நிறுத்தாமல், விடையை எழுத்தில் பெறுங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கொடுக்கலாம். மூலத்தை அடகு போல ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு செல்லலாகாது. வண்டியில் முன்னமே உள்ள கீறல்களையும் நசுங்கல்களையும் உரிமையாளர் முன்னிலையில் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால், திருப்பித் தரும் நாளில் வாக்குவாதம் இராது. தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் வேண்டும். இருவருக்கும் அளவாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே அணிந்து பாருங்கள்.

டயரின் தேய்மானம், முன்பின் பிரேக்குகள், சங்கிலியின் தளர்ச்சி, விளக்கு, ஒலிப்பான், கண்ணாடி என்னும் ஆறையும் சோதித்த பிறகே பணம் கொடுப்பது நன்று. மலைக்குக் கியர் உள்ள வண்டியே ஏற்றது. கியரில்லாத ஸ்கூட்டர் இறக்கத்தில் போதுமான அளவுக்கு எஞ்சினால் வேகத்தைத் தடுக்காது. முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். இடைவிடாமல் பிடித்த பிரேக் சூடேறித் தன் பிடிப்பை இழந்துவிடும்.

இவ்வளவும் பலர் அறிந்திருக்கக்கூடியவையே. அறிந்தவரும் மறந்துவிடும் ஒன்று உண்டு. வாடகை வண்டிக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. இன்ன நாள் இன்ன மணிக்குள் திருப்பித் தராவிட்டால் மறுநாள் வாடகையும் சேரும். மலைக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூடுபனி இறங்கினால் நிற்க வேண்டும். யானை குறுக்கிட்டால் காத்திருக்க வேண்டும். மண் சரிந்தால் திரும்ப வேண்டும். இவ்விரு கடிகாரங்களும் மாறுபடும்போது, ஐந்நூறோ ஆயிரமோ மிச்சப்படுத்த வேண்டி மாலையிருளில் வளைவுகளை விரைந்து கடப்பவர் பலர். ஆகவே உங்களுக்கு மூன்று நாள் தேவையென்று தோன்றினால் நான்கு நாளுக்கு வண்டியைப் பேசுங்கள். அந்த நான்காம் நாளின் வாடகையை வீண் செலவென்று எண்ணாதீர்கள். அவசரமில்லாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

முதல் நாளை ஒத்திகைக்கு வைத்துக்கொள்வது சிறந்தது. அதற்கு நெல்லியாம்பதி பொருத்தமான இடம். பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெம்மாறை வரை நெல்வயல்களினூடே செல்லும் சமதளச் சாலை. பின்னர்ப் போத்துண்டி அணை. சிமெண்டு வழக்கத்துக்கு வருமுன், 19-ஆம் நூற்றாண்டில், சுண்ணாம்பும் வெல்லமும் கலந்த கலவையைக் கொண்டு எழுப்பிய அணை அது. அணையைத் தாண்டியதும் மலையேற்றம் தொடங்குகிறது. புதிய வண்டியின் குணமும் உங்கள் கையின் பழக்கமும் இங்கே தெரிந்துவிடும். பழக்கம் போதாதென்று தோன்றினால், இத்துடன் நிறுத்திக்கொண்டு மூணாற்றுக்குப் பேருந்தில் செல்லலாம். அதில் குறைவொன்றும் இல்லை. பரம்பிக்குளம் போகலாமே என்று சிலர் எண்ணுவர். பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதற்கும் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. அந்த வனச்சாலையில் இரு சக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

இரண்டாம் நாள் விடியலில் புறப்படுங்கள். பொள்ளாச்சி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அங்கிருந்து உடுமலைப்பேட்டை 30 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காலமாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று இச்சமவெளியில் வேகமாக வீசும். வழிநெடுகக் காணும் காற்றாலைகள் அதற்குச் சாட்சி. லாரியின் மறைவிலிருந்து வெளிப்படும் கணத்தில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். அப்போது வேகத்தைக் குறைத்துக் கைப்பிடியைத் தளர்வாக, ஆனால் நிதானமாகப் பற்ற வேண்டும். உடுமலைப்பேட்டையில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன் பின் வரும் வனப்பகுதியில் பெட்ரோலும் கிடையாது. கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் கிட்டாது.

அமராவதி அணைப்பக்கம் கடந்ததும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். எல்லையைத் தாண்டினால் 1984-இல் அமைந்த சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். இரவில் இவ்வழி அடைக்கப்படும். அடைக்கும் வேளையை முன்னதாகவே கேட்டு அறிந்து, நண்பகலுக்குள் சாவடியைக் கடந்துவிடுவது உத்தமம். கேரளம் என்றதும் பசுமையை எதிர்பார்ப்பவருக்கு இங்கே வியப்புக் காத்திருக்கிறது. மழை மறைவுப் பிரதேசமாதலால் முட்புதர்களும் வறண்ட பாறைகளுமே கண்ணில் படும். எதிரே பச்சைச் சரிவில் தூவானம் அருவி வெண்கோடாக விழுவது தெரியும். பாலையும் குறிஞ்சியும் அருகருகே இருப்பதை ஒரே பகலில் காட்டும் சாலைகள் அதிகம் இல்லை.

காட்டில் வண்டியை நிறுத்தி இறங்குதல் கூடாது. யானையைக் கண்டால் ஒலிப்பானை அழுத்தாமல், தொலைவிலேயே நின்று, திரும்புவதற்கு இடம் வைத்துக்கொண்டு, அது போகும்வரை பொறுத்திருங்கள். பக்கவாட்டில் நழுவிச் சென்றுவிடலாம் என்ற எண்ணம் மோட்டார் சைக்கிள்காரருக்கே அதிகம் தோன்றும். அந்த எண்ணத்தை அறவே விடுங்கள். மூணாற்றுக்குக் கிழக்கே சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே மாத இறுதியில் தமிழ்நாட்டுக் கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டதை நேயர்கள் நினைவு கொள்வார்கள். அன்று அதன் எதிரே சிக்கி உயிர் இழந்தவர் இரு சக்கர வண்டியில் வந்தவரே.

இரவு மறையூரில் தங்கலாம். சந்தனக் காடுகளும், முனியறைகள் எனப்படும் பெருங்கற்காலக் கல்லறைகளும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் அவ்வூரின் சிறப்புகள். மூன்றாம் நாள் காலை மூணாறு நோக்கி ஏறும் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், சந்தனம் மறைந்து தேயிலை தொடங்கும். வழியில் இரவிகுளம் தேசியப் பூங்காவைக் காண விரும்புவோர், வரையாடுகள் ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அது அடைக்கப்படும் என்பதை மனத்தில் கொள்க. மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் வாக்கு. இரண்டையும் கடைப்பிடித்தவருக்குப் பாதி இடையூறு நீங்கிற்று.

மழைக்காலத்தில் இப்பயணத்தைத் தவிர்க்குமாறு வேண்டுவதற்குக் காரணம் உண்டு. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிற்றிரயில் பாதையை அடியோடு அழித்தது; ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்கு இருந்த பழைய சாலையையும் கொண்டுபோயிற்று. 2018-இல் பெருவெள்ளம் மூணாற்றைத் துண்டித்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். பிழைப்பைத் தேடி மலையேறிய முன்னோரின் வழிவந்தவர்கள். நாம் காட்சிக்காகச் செல்லும் சாலையில் அம்மக்கள் வேலைக்குச் செல்கிறார்கள்; அவர்களுடைய குழந்தைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். வேலையை நாடி வெளிமாநிலம் சென்ற நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர். குடியிருப்புகளின் அருகே வேகத்தைக் குறைப்பது விதிக்காக மட்டும் அன்று, உறவுக்காகவும்தான்.

எல்லைக்கு அப்பால் பலகைகள் மலையாளத்தில் இருக்கும். அவ்வெழுத்தை அறியாதவரும், ஊராரிடம் கேட்கும்போது சொற்களைப் புரிந்துகொள்ளலாம். கயற்றம் என்றால் ஏற்றம். இறக்கம் நமக்கும் இறக்கமே. சுரம் என்று நம் பழந்தமிழ் வறண்ட வழியைச் சொல்லிற்று. மலையாளம் அச்சொல்லை மலைக்கணவாய்க்கு வைத்துக்கொண்டது. 'சூக்ஷிக்குக' என்றால் கவனம் என்று பொருள். 'உருள்பொட்டல்' என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் நின்றுவிடுங்கள், அது நிலச்சரிவு.

திரும்பும் வழி இரண்டு. வந்த வழியே வரலாம். அல்லது அடிமாலி, நேரியமங்கலம் வழியாக இறங்கித் திருச்சூர் சேர்ந்து, குதிரான் சுரங்கப்பாதையின் ஊடே பாலக்காட்டை அடையலாம். இரண்டாவது வழி நீண்டது. ஆதலின் அதற்கும் ஒரு முழுப்பகல் வேண்டும். எவ்வழியாயினும், புறப்படுமுன் ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வீட்டாரிடம் கொடுங்கள்: எந்தச் சாலை, எந்த ஊரில் இரவு, எத்தனை மணிக்குமேல் எங்கும் ஓட்டுவதில்லை என்ற உறுதி. மூன்றாவதே தாய்மாரின் கலக்கத்தைத் தீர்க்கும். மழை வந்து வழி அடைபட்டு, மூணாற்றைக் காணாமலே மறையூரிலிருந்து திரும்ப நேர்ந்தாலும் வருந்த வேண்டா. நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் இனி 2030-இல் பூக்கும். மலை அவசரப்படுவதில்லை, நாமும் மறுபடி வரலாம்.