ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை

உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பள்ளியிலிருந்து பொருட்பட்டியல் ஒன்று வந்திருக்கும். டார்ச் விளக்கு, தண்ணீர்ப் புட்டி, கொசு மருந்து, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற பழைய காலணி. சிராங்கூன் சாலைக்குப் போய், முஸ்தஃபாவில் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போடுவார் அம்மா. கடைசியில் முறுக்குப் பொட்டலமும் ஏறும். "அதெல்லாம் வேண்டாம்மா" என்று மகள் சொன்னாலும் கேட்கமாட்டார். "அங்கே ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பார்ப்பாங்க?" என்பார். மகள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல அது.

மகள் போகப்போவது புலாவ் உபினுக்கு. அங்கே அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியை 1967ஆம் ஆண்டில் ஏற்படுத்தியவர் டாக்டர் கோ கெங் சுவீ. நாடு தனித்து நின்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. உடலும் மனமும் உறுதியான இளையர்கள் வேண்டும் என்பது அன்றைய தேவை. உயர்நிலை மூன்று மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து நாள் முகாமுக்குப் போகவேண்டும் என்ற திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டது.

இந்தக் கல்வியின் வேர் கடலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற ஊரில் முதல் பள்ளி தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி வந்த கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து தொடங்கினார்கள். ஹோல்ட்டின் நிறுவனக் கப்பல்களுக்கு நீலநிறப் புகைபோக்கி. நமது துறைமுகத்துக்கும் அடிக்கடி வந்துபோனவைதான் அவை. கப்பல் மூழ்கி, உயிர்காப்புப் படகில் தத்தளிக்கும்போது, வலுவான வாலிபர்கள் மடிகிறார்கள், வயதில் மூத்த மாலுமிகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. தசை வலுவைவிடப் பழக்கமும் நிதானமும்தான் காப்பாற்றுகின்றன என்று அவர் நினைத்தார். துறைமுகத்தை விட்டுத் திறந்த கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல்லே பள்ளிக்குப் பெயராயிற்று.

பெற்றோரின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015 ஜூன் 5ஆம் தேதி காலை சாபாவின் கினபாலு மலையில் நிலநடுக்கம். பாறைகள் உருண்டு 18 பேர் மாண்டனர். அவர்களில் பத்துப் பேர் சிங்கப்பூரிலிருந்து சென்ற பள்ளிக் குழுவினர்: ஏழு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், சாகசப் பயிற்றுநர் ஒருவர். உள்ளூர் வழிகாட்டிகளும் உயிரிழந்தனர். பிழைத்த வழிகாட்டிகள் மேலே சிக்கியிருந்தவர்களை நடத்தியும் தாங்கியும் கீழே இறக்கினார்கள். 2021 பிப்ரவரியில் இங்கேயே, உயரத் தடைப் பயிற்சியில் மாணவர் ஒருவர் இறந்தார். உயரத்தில் நடக்கும் பயிற்சிகளைக் கல்வி அமைச்சு அப்போது நிறுத்திவைத்தது. இவற்றைக் கேட்ட பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைத்தால் குறைசொல்ல முடியுமா? ஆனால் எப்போதும் வீட்டிலேயே இருந்த பிள்ளை, இருபது வயதில் நண்பர்களோடு மலேசிய மலைகளுக்குப் போகத்தான் போகிறது. அப்போது பயிற்றுநர் உடன் இருக்கமாட்டார்.

நகரத்தில் நாம் படிக்கும் முதலுதவி, 995ஐ அழைத்தால் சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கைமேல் நிற்கிறது. காட்டு முதலுதவி வேறு கணக்கு. மருத்துவ உதவி கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குவது அது. அடிப்படைப் பயிற்சி பெரும்பாலும் இரண்டு நாள், ஏறக்குறைய 16 மணி நேரம். குழுவை வழிநடத்துபவருக்கு 70, 80 மணி நேரப் பயிற்சிகள் உண்டு. ஓடிப்போய்த் தூக்குவது அதில் முதல் பாடமல்ல. அந்த இடம் உனக்குப் பாதுகாப்பானதா என்று பார்ப்பதே முதல் பாடம். காப்பாற்றப் போனவரும் விழுந்தால் தூக்க வேண்டியவர் இருவர். எழுதிவைப்பதும் ஒரு பாடம். எத்தனை மணிக்கு விழுந்தார், நாடித்துடிப்பு எவ்வளவு, என்ன கொடுத்தோம் என்று குறித்த துண்டுத்தாள், மருத்துவமனைக்குப் போகும்போது பல நேரங்களில் பையில் உள்ள மருந்தைவிடப் பயன்படும்.

நம்மிடையே சில பழைய பாடங்களை மறக்கவேண்டியும் இருக்கிறது. பாம்பு கடித்தால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சித் துப்புவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் சினிமா கற்றுக்கொடுத்தவை. அத்தனையும் தவறு. கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. மோதிரம், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை கால் அசையாதபடி கட்டை வைத்துத் தளர்வாகக் கட்டித் தூக்கிச் செல்லவேண்டும். நம் காடுகளில் நஞ்சைத் துப்பும் நாகமும் உண்டு. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். தீக்காயத்துக்குப் பற்பசை, சோயா சாஸ் பூசும் வைத்தியம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இருபது நிமிடம் ஓடும் தண்ணீரே போதும்.

இங்கே பாம்பைவிட அதிகம் அஞ்சவேண்டியது வெயிலுக்கும் மின்னலுக்கும். நடந்து வந்தவர் திடீரென்று உளறி, தடுமாறி, உடம்பு கொதித்தால் அது வெறும் களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறவேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிச் செல்வது. நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றுவதும் படத்தோடு போகட்டும். இந்த ஆபத்தைத் தேக்காவில் ஞாயிறுதோறும் கூடும் கட்டுமான ஊழியர்களிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். வெப்ப அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் கடின உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குப் பத்து நிமிட ஓய்வு கட்டாயம் என்று 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு விதித்தது.

இடியோ, சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாட்களுக்கு மேல் முழங்குகிறது. ஒற்றை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரவேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பாயாது. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும்.

ஊருக்குப் போகும்போது நம் பிள்ளைகள் கொடைக்கானல், கொழுக்குமலை என்று மலைப்பக்கம் போவது இப்போது அதிகரித்திருக்கிறது. அவர்கள் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளவேண்டும்: குரங்கணி. தேனி மாவட்டத்தில், 2018 மார்ச் 11ஆம் தேதி, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பலர் இளம்பெண்கள். மார்ச் மாதம் புல் காய்ந்து தீ பிடிக்கும் காலம். தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும், அதனால் மேலே ஓடி அதை வெல்ல முடியாது. முன்னமே எரிந்து கருகிய நிலமும் வெறும் பாறையும்தான் ஒதுங்கத் தகுந்த இடங்கள். அன்று காயமுற்றவர்களை இறக்குவதற்கு முதலில் மலையேறியவர்கள் சுற்றுப்புற ஊர்க்காரர்கள். அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை வகுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துச் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பாதையில் போவதற்குக் கட்டணம் உண்டு. கொடுத்துவிட்டுப் போவதே நல்லது.

முறுக்கு வாங்கிய அம்மாவுக்கு வருவோம். பள்ளி முகாமோ நண்பர்களின் மலைப்பயணமோ, அழைத்துப் போகிறவரிடம் அவர் சிலவற்றைக் கேட்கலாம். உடன் வருபவர்களில் யார் முதலுதவி படித்தவர், அது நகரத்துப் பயிற்சியா, காட்டுப் பயிற்சியா? மருத்துவமனைக்குப் போய்ச்சேர எத்தனை மணி நேரம்? இடி இடித்தால் எங்கே ஒதுங்குவீர்கள்? ஒவ்வாமை, இளைப்பு உள்ள பிள்ளையின் மருந்து யார் கையில் இருக்கும்? ஒழுங்காக நடத்துபவர்கள் கேள்விகளை வரவேற்பார்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம் அக்கா" என்று மட்டும் சொல்பவரிடம் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.