வீட்டுக்கு ஒரு மாஸ்க் போதாது

(2021 ஆகஸ்ட் மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

போன வருஷம் ஊரடங்கு சமயத்தில் எங்கள் குழுவில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தோம். அதனால் இதைப் பற்றி நீயே பேசு என்று தலைவி அக்கா சொல்லிவிட்டார்கள்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். யார் வீடு என்று கேட்காதீர்கள், நம்மில் பல பேர் வீடு அப்படித்தான் இருக்கிறது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் ஒரு மாஸ்க். காலையில் பால் ஊற்றப் போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். வந்து மாட்டினதும் மகன் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவான். சாயங்காலம் மாமனார் டீக்கடைக்குப் போகும்போது அதே மாஸ்க். போலீஸ் பிடித்தால் 200 ரூபாய் அபராதம் என்பதற்காகத்தான் அந்த ஆணி. ஒருத்தர் மூச்சும் எச்சிலும் பட்டதை இன்னொருத்தர் மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வர இதைவிட சுலபமான வழி கிடையாது.

அந்த வீட்டு அம்மா என்ன செய்கிறாள்? முந்தானையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ரேஷனுக்குப் போகிறாள். ரேஷன் கடையில் தலைக்கு இரண்டு துணி மாஸ்க் கொடுத்தார்களே, அவள் பங்கு எங்கே என்றால் மகனுக்குக் கொடுத்துவிட்டாளாம். நைலக்ஸ் புடவை முந்தானை ஒரே அடுக்கு, கையை எடுத்தால் விழுந்துவிடும். எல்லார் மாஸ்கையும் துவைக்கிறது இவள்தான், ஆனால் இவளுக்கு மாஸ்க் இல்லை. இரண்டாவது அலையில் மே மாதம் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. காய்ச்சல் வந்த வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் நாம்தான். அதனால் நான் முதலில் சொல்வது, ஆளுக்கு மூன்று மாஸ்க் வேண்டும். ஒன்று முகத்தில், ஒன்று கொடியில், ஒன்று கையில். வீட்டில் ஐந்து பேர் என்றால் பதினைந்து. கணக்குப் போடும்போது உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

பதினைந்துக்குக் காசு எங்கே என்பீர்கள். ஒரு ரவிக்கைத் துணியில் மூன்று அடுக்கு வைத்துத் தைத்தாலும் ஐந்து மாஸ்க் வரும். ஆனால் துணியைப் பார்த்து எடுக்க வேண்டும். பருத்தி, நெருக்கமாக நெய்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு அடுக்கிலேயே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அது ஆகாது. மல் துணி அப்படித்தான் தெரியும். பாப்ளின், கெட்டி ரவிக்கைத் துணி நல்லது. மூன்று அடுக்கு வைப்பதானால் வாய்ப்பக்கம் பருத்தியாகவும், வெளிப்பக்கம் ஈரம் உறிஞ்சாத துணியாகவும் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் சொன்னது. நடுவில் வைக்கச் சொன்னது கல்யாண வீட்டில் தாம்பூலப் பை தருகிறார்களே, அந்த ரகத் துணி. மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அது வைத்ததைச் சூடாக இஸ்திரி போடாதீர்கள், உருகிவிடும்.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. துணியை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப்போகும். மூக்குக்கு நேராக நடுத்தையல் போட்டால் ஊசி ஓட்டை வழியாகக் காற்று போகும். மடிப்பு வைத்துத் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மூக்கின் மேல் வளைய ஒரு கம்பி வைக்க வேண்டும், பிரெட் பாக்கெட் வாயைக் கட்டுகிற கம்பி போதும். எலாஸ்டிக்கை விட நாடா நல்லது. கொதிக்க வைத்தால் எலாஸ்டிக் தொய்ந்துவிடும், நாடா தொய்யாது. கொண்டைக்கு மேலே ஒன்று, கழுத்தில் ஒன்று கட்டிக்கொண்டால் கம்மலிலும் மாட்டாது. எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் கன்னத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

இப்போது துவைப்பது. இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு மாதிரி ஒரு உறை இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு பிசுக்கை எடுக்கிற மாதிரி அந்த உறையை சோப்பு உடைத்துவிடும். அதனால் ஒருநாள் போட்டதை அன்றைக்கே சோப்புப் போட்டுத் துவைக்க வேண்டும். மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் 2020 மார்ச் கடைசியில் வீட்டு முகக்கவசத்துக்கு ஒரு கையேடு போட்டது. சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துத் துவைத்து நல்ல வெயிலில் 5 மணி நேரமாவது காய வைக்கலாம். இல்லை, 15 நிமிஷம் கொதிக்க வைக்கலாம். இல்லை, துவைத்துவிட்டு 5 நிமிஷம் வரை இஸ்திரி போடலாம். குக்கரில் 10 நிமிஷம் வைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. பருப்பு வேகிற குக்கரில் வைக்க எனக்கு மனசு வரவில்லை, நான் பழைய குண்டானில்தான் கொதிக்க வைக்கிறேன். மழை நாளில் இஸ்திரிதான் வழி. துவைக்காமல் சும்மா வெயிலில் போட்டு எடுப்பது சுத்தம் ஆகாது. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அந்த வாடையை நாள் முழுக்க மூச்சில் இழுக்க வேண்டி வரும். கற்பூரம், நீலகிரித் தைலம் தடவுவதால் வைரஸ் சாகாது.

கடையில் வாங்குகிற நீல மாஸ்க் வேறு சமாச்சாரம். அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருப்பதை நம் தெருவில் பார்க்கிறேன். அதன் நடு அடுக்குக்கு மின்னேற்றம் கொடுத்திருப்பார்கள். தலை சீவின சீப்பு காகிதத் துண்டை இழுக்குமே, நாம் பள்ளிக்கூடத்தில் விளையாடியிருக்கிறோம், அதேபோல் அந்த அடுக்கு நுண்துளிகளை இழுத்துப் பிடிக்கும். சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால் அந்த சக்தி போய்விடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், வேலை செய்யாது. அதனால் ஒரு தடவை போட்டுவிட்டுப் போட வேண்டியதுதான். நீலப்பக்கம் வெளியே, கம்பி மேலே. அது முகத்தில் தளர்வாக இருந்தால் மேலே ஒரு துணி மாஸ்க் கட்டினால் ஒட்டி நிற்கும்.

என்95 மாஸ்கிலும் இதே மின்னேற்றம்தான். வீட்டில் தொற்று வந்தவரைப் பார்த்துக்கொள்கிறவர் அந்த அறைக்குள் போகும்போது இதைப் போட வேண்டும். துவைக்கவே கூடாது. ஐந்து வாங்கி ஐந்து காகிதக் கவரில் கிழமை எழுதி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம், ஒருமுறை போட்டது 5 நாளாவது கவரில் சும்மா இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் நிற்கும். ஈரமானாலோ, நாடா தளர்ந்தாலோ, முகத்தில் ஒட்டி நிற்காவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். முன்னால் பொத்தான் மாதிரி வால்வு வைத்ததை வாங்காதீர்கள். நாம் விடுகிற மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும். மத்திய அரசும் 2020 ஜூலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கட்டாயம் இரண்டு எடுத்துப் போங்கள். வியர்வையில் நனைந்த மாஸ்கில் மூச்சு வாங்கும், அதனால்தான் எல்லோரும் தாடைக்கு இறக்கிவிடுகிறோம். கழற்றினதை வெற்றிலையும் காசும் இருக்கிற சுருக்குப் பையில் திணிக்காமல் தனிக் கவரில் வையுங்கள். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கூட்டத்திலேயே பார்த்தேன், பேச எழுந்ததும் மாஸ்கை இறக்கிவிடுகிறீர்கள். எச்சில் தெறிப்பதே பேசும்போதுதானே அக்கா!

ஐந்து வயசு வரைக்கும் பிள்ளைகளுக்கு மாஸ்க் வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. செப்டம்பர் 1 முதல் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பள்ளி திறக்கிறார்கள். பொம்மைப் படம் போட்டதை ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள், சொல்லி அனுப்புங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூலால் ஓரத்தில் தையல் போட்டுவிட்டால் யாருடையது என்று சண்டை வராது.

தூக்கிப் போடுகிற மாஸ்கை அப்படியே குப்பையில் போடாதீர்கள். காகிதக் கவரில் 72 மணி நேரம் வைத்து, வெட்டிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். வெட்டாவிட்டால் அதை எடுத்துத் திரும்ப விற்கிறவர்களும் உண்டு. நம் குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைக் காவலர்களில் இரண்டு பேர் இதோ இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு சமுதாயக் கூடத்துக்கு என் மெஷினைக் கொண்டுவருகிறேன். மெஷின் வைத்திருக்கிற மற்ற மூன்று பேரும் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி, நனைத்துக் காயவைத்தது, எடுத்து வாருங்கள். நாடாவும் நூலும் கூட்டமைப்புச் செலவு என்று பொருளாளர் அக்கா இப்போது தலையாட்டினார்கள். தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள் அக்கா.