இரும்புச் சத்தும் மறதி நோயும்



“இரும்புச் சத்து மிகுந்தால் முதுமையில் அறிவு மங்குமாமே?” என்று அன்பர் ஒருவர் என்னை வினவினார். ஆஸ்திரேலிய முதியோரைப் பற்றி 2025-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியையே அவர் கருதியிருத்தல் வேண்டும். உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கும் அளவை ஆள்வது எச்.எப்.இ. என்னும் மரபணு. அதன் எச்63டி என்ற மாறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஆண்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் இருந்தது. பெண்களுக்கு அவ்வாறு இல்லை. விந்தை யாதெனில், அவ்வாண்களின் இரத்தத்திலிருந்த இரும்பின் அளவுக்கும் நோய்க்கும் நேரான தொடர்பு காணப்படவில்லை!

ஆகவே, கர்ப்பிணிகளுக்கு வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையை இச்செய்தி காட்டி நிறுத்த எவ்வித முகாந்தரமும் இல்லை. சோகை முற்றிய தாய்மார் பிரசவத்தில் இழக்கும் இரத்தத்தைத் தாங்குவது அரிது. மாத்திரையால் மலம் கறுத்தால் அஞ்சற்க. தேநீருடன் மட்டும் அதை உட்கொள்ளலாகாது; இரும்பு உடலில் சரிவரச் சேராது.