மரச் சேணமும் மான் வேட்டையும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள், “அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கி வந்தீர்களே, அங்கே கண்டவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்” என்று பணித்தார்கள். நயாகரா அருவியைப் பற்றிப் பேசுவேன் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் பேசப்போவதோ, மரத்தில் கயிறு கட்டித் தொங்கியபடி மான் வேட்டையாடும் ஒரு முறையைப் பற்றி. புலால் உண்ணாத அன்பர் பலர் இவ்வவையில் இருக்கிறீர்கள், நானும் அவ்வினத்தவனே. ஆயினும் கேளுங்கள். கான்ஹாக் காட்டுக்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில், நருமதைக் கரையில் வாழும் நமக்கு மானும் மரமும் அயலானவை அல்லவே.

மிச்சிகன் மாநிலத்தில் நவம்பர் 15ஆம் நாள் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. நமக்குத் தீபாவளி எப்படியோ அவர்களுக்கு அந்நாள் அப்படி. சில ஊர்களில் பள்ளிக்கே விடுமுறை விடுகிறார்கள். வில் கொண்டு வேட்டையாடுவோர்க்கு அக்டோபர் முதல் நாளே பருவம் பிறந்துவிடும். என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் வில் வேட்டைக்காரர், ஐம்பது வயதைக் கடந்தவர், மரத் தச்சர். அவருடைய கொட்டகையில்தான் அந்தக் கருவியை முதன்முதலாகக் கண்டேன்.

அதற்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழாக்கினால் ‘மரச் சேணம்’ என்றாகும். ஆனால் குதிரைச் சேணத்தோடு அதற்கு யாதோர் ஒற்றுமையும் இல்லை. குழந்தையைக் கிடத்தும் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். அதனை இடுப்புக்கும் தொடைக்கும் அளவாகத் தைத்து, இருபுறமும் ஒரு கயிற்றால் இணைத்து, அக்கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டிய வேறொரு வலிய கயிற்றில் கொக்கியால் மாட்டினால் அதுவே மரச் சேணம். ஏறும்போது, மின்கம்பத்தில் ஏறும் பணியாளர் இடுப்பையும் கம்பத்தையும் ஒரு வாரால் பிணைத்துக்கொள்வாரே, அதே போன்ற வார் உண்டு. மரத்தில் கட்டும் சிறு ஏணித் துண்டுகள் மூன்று நான்கு. உச்சியில் பாதம் ஊன்ற ஒரு சிறு தட்டு. பதினைந்து முதல் இருபத்தைந்து அடி உயரத்தில், மரத்தை நோக்கி முகம் வைத்து, தட்டில் கால் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்கலாம். அல்லது முழங்காலை மரத்தில் முட்டுக் கொடுத்து அமரலாம்.

அண்டை வீட்டாரின் வற்புறுத்தலால், அவர் தோட்டத்து மேப்பிள் மரத்தில் நானும் ஒருமுறை தொங்கிப் பார்த்தேன். உயரம் நான்கு அடிதான். சமையலறைச் சாளரத்தின் வழியே என் மனைவி பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. முதல் ஐந்து நிமிடம் ஊஞ்சல் போல் இன்பமாக இருந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் இரு பக்க இடுப்பெலும்பும் இடுக்கியால் இறுக்கியது போல் வலித்தன.

உயரத்தில் அமர்ந்து விலங்குக்காகக் காத்திருப்பது புதிதன்று. நம் குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்தில் இதணம் என்னும் பரண் கட்டி, கவணும் தட்டையும் கொண்டு கிளி ஓட்டினர். இந்த மத்திய மாகாணக் காடுகளில் வெள்ளைத் துரைமாரும் அரசர்களும் ‘மசான்’ கட்டினர்; கயிற்றுக் கட்டிலையே கிளைகளில் பிணைத்துப் பரணாக்கியதும் உண்டு. ஆட்கள் காடு கலைத்து விலங்கை விரட்டி வர, மேலே வசதியாக வீற்றிருப்பவர் சுடுவார். அமெரிக்கக் காட்டில் விரட்ட ஆளில்லை. கட்டில் தூக்கவும் ஆளில்லை. தனி ஒருவன் இருளில் நடந்து, தானே சுமந்து, தானே ஏறவேண்டும். சேணம் பிறந்ததன் காரணம் இதுவே.

இனி அதன் நன்மைகளைக் கூறுவேன். முதலாவது எடை. இரும்பாலோ அலுமினியத்தாலோ ஆன பலகை இருக்கையும் அதற்குரிய ஏணியும் சேர்ந்தால் பத்துக் கிலோவை எளிதில் தாண்டும். சேணம் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ. தட்டும் ஏணித் துண்டுகளும் சேர்ந்தாலும் சுமை பெரிதும் குறைவே. பொதுக் காடுகள் பலவற்றில் இருக்கையை மரத்திலேயே விட்டுச் செல்லுதலும், மரத்தில் திருகாணி முடுக்குதலும் தடுக்கப்பட்டுள்ளன. சேணக்காரர் வடு ஏதும் வைக்காது எல்லாவற்றையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார். இருக்கை களவு போகும் கவலையும் இல்லை. மரம் கோணலாயினும் கிளை மிகுந்ததாயினும் குற்றமில்லை. மேலும், மான் வரும் திசைக்கு எதிர்ப்புறம் தொங்கினால் அடிமரமே திரையாகிறது. மான் நகர நகர இவரும் மரத்தைச் சுற்றி ஒதுங்கலாம்.

மானின் புலன்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். தலையின் இரு பக்கத்தும் கண் அமைந்த விலங்கு அது. ஏறக்குறையச் சுற்றிலும் காண வல்லது. செந்நிறத்தை நம்மைப் போல் பிரித்தறியாது. துப்பாக்கி வேட்டைக்காரர் ஆரஞ்சு நிற உடையைத் துணிந்து அணிவது அதனாலேதான். ஆனால் சிறு அசைவையும் கண்டுகொள்ளும். மூக்கோ கண்ணினும் கூர்மையானது. காலையில் வெயில் ஏறக் காற்றுச் சரிவில் மேலே செல்லும். மாலையில் கீழே இறங்கும். மர உச்சியில் இருந்தாலும் மாலைக் காற்று மனித வாடையைப் பள்ளத்து மானிடம் கொண்டு சேர்த்துவிடும். சேணமும் அங்கே உதவாது.

யாவற்றிலும் பெரிய நன்மை ஒன்றுண்டு. அமெரிக்க வேட்டைக்காரருக்கு நேரும் கடுங் காயங்களுக்குத் தலையாய காரணம் துப்பாக்கிக் குண்டு என்று நீங்கள் எண்ணலாம். அன்று, மரத்து இருக்கையிலிருந்து விழுதலே. உறைபனியில் வழுக்கும் படி, துருவேறிய சங்கிலி, சோர்வில் வரும் தூக்கம் ஆகியவையே பகை. என் அண்டை வீட்டாரும் அவ்வாறு விழுந்தவரே. பதினெட்டு அடி உயரத்துப் பலகையில் ஏறிய பின் கச்சையை மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தார். ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும் அந்த ஒரு கணத்தில் விழுந்தார். குளிரில் நான்கு மணி நேரம் கிடந்த பிறகே மகன் தேடி வந்து கண்டான். முதுகெலும்பில் முறிவு, ஓராண்டு உளி பிடிக்கவில்லை. “இனி வேட்டைக்குப் போவதானால் தரையை விட்டுக் கால் எடுக்கும் முன் கயிறு கட்ட வேண்டும், இன்றேல் வில்லை எரித்து விடுவேன்” என்றார் அவர் மனைவி. அந்த அம்மையார் சொல்லே அவரைச் சேணத்துக்குக் கொண்டு வந்தது. சேணத்தைச் சரியாகப் பயன்படுத்துவோர் ஏறத் தொடங்கும்போதே மரத்தோடு பிணைந்துவிடுகிறார்.

ஆயினும் தீமைகளை மறைத்தல் முறையன்று. கயிறு உயிர் காக்கும். கயிற்றின் முடிச்சுத் தேய்ந்தால் அதுவே கொல்லும். மேலே கட்டும் கயிறு தளர்ந்திருக்குமானால், தட்டில் கால் தவறும்போது உடல் திடீரென விழுந்து வெட்டி இழுக்கப்படும். கச்சையில் அசையாது நெடுநேரம் தொங்கினால் குருதி கால்களில் தேங்கி உயிருக்கே இடர் வரும். சேணக்காரர் காலை ஊன்றியிருப்பதால் அந்த இடர் குறைவு, இல்லாமல் இல்லை. இடுப்பு வலியை முன்னமே கூறினேன். புதியவர் ஒருவர் இருளில் ஏணித் துண்டுகளைக் கட்டி ஏறுவதற்குள் வியர்த்து, ஓசை எழுப்பி, மான்களை எல்லாம் எச்சரித்துவிடுவார். ஒரு பருவம் முழுதும் தோட்டத்து மரத்தில் தாழ்வாகப் பழகாது காட்டுக்குச் செல்லுதல் அறிவுடைமை ஆகாது.

எய்தலிலும் ஒரு குறை உண்டு. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இடப்புறம் எளிது; வலப்புறம் மான் வந்தால் உடலைச் சுழற்ற வேண்டும், கயிறு குறுக்கிடும். இசைகேடான நிலையில் எய்யும் அம்பு குறி தவறும். இங்கேதான் நான் நெடுநேரம் அவருடன் வாதாடினேன். உயரம் மிக மிக, அம்பு செங்குத்தாக இறங்கும்; இரு நுரையீரலையும் துளைக்க வேண்டியது ஒன்றை மட்டும் துளைக்கும். அம்பு குண்டைப் போல் அதிர்ச்சியால் வீழ்த்துவதன்று. குருதி இழப்பால் கொல்வது. நன்கு எய்தால் மான் சிறிது தூரம் ஓடிச் சில நொடியில் விழும். தவறி எய்தால் பல மணி நேரம் வலியோடு அலைந்து, எவர் கண்ணிலும் படாத புதரில் மாயும். அவர் மறுக்கவில்லை. இருபது கஜத்துக்கு மேல் எய்வதில்லை, இருபது அடிக்கு மேல் ஏறுவதில்லை, வலப்புறத்து மானை விட்டுவிடுவது என்று மூன்று வரையறை வைத்திருப்பதாகச் சொன்னார். முன்னொரு நாள் எய்த பெண்மான் ஒன்றை இரண்டு நாள் தேடியும் காணாது வந்ததை அவர் சொன்னபோது குரல் தாழ்ந்தது. மேலிருந்து எய்யும் அம்பு தரையிலேயே தைக்கும், தொலைவில் நடப்பவர் மேல் பாயாது என்பதையும் நியாயத்திற்காகச் சொல்ல வேண்டும்.

“கொல்லாமல் விட்டால் என்ன?” என்று கேட்டேன். நீங்களும் இதையே கேட்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சந்தைக்காகக் கொன்று குவித்ததால், அந்நாட்டு வெண்வால் மான் ஏறத்தாழ ஐந்து இலட்சமாகக் குன்றியிருந்தது. 1900இல் வந்த லேசி சட்டம் மாநிலம் கடந்த திருட்டு வேட்டைப் பொருள் வாணிகத்தைத் தடுத்தது. 1937இல் வந்த மற்றொரு சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பேணலுக்கு ஒதுக்கியது. இன்று அம்மான் ஏறத்தாழ மூன்று கோடி. அதனைத் தின்ற ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் கிழக்கு மாநிலங்களில் மனிதனே பெரும்பாலும் ஒழித்துவிட்டான். ஆதலின் மான் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது. ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள் அதன்மேல் மோதுகின்றன. புலியை விரட்டியவனே புலியின் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அவர் வாதத்தின் சாரம் இது. எனக்கு அஃது உவப்பானதன்று. ஆயினும் அதற்கு விடை கூற என்னால் இயலவில்லை.

இங்கே நிலை வேறு. கான்ஹாவில் பாரசிங்கா மான் 1970இல் 66 மட்டுமே எஞ்சியது. 1972இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் நம் காட்டில் பரண் கட்டி மானைச் சுடுதல் குற்றம். அங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் தத்தம் பணியைச் செய்கின்றன. பாரசிங்காவும் பல நூறாகப் பெருகிவிட்டது. எனவே இளைஞர்கள் எவரும் என் பேச்சைக் கேட்டுக் கயிறு வாங்கிவிட வேண்டா! பறவை காணவும் படம் பிடிக்கவும் மரம் ஏறுவோருக்கு மட்டும், தரையிலேயே கயிறு கட்டும் அப்பழக்கத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

நான் ஊர் திரும்பும் முன்வாரம் அவர் மாலை வேட்டைக்குச் சென்று இருட்டிய பின் வெறுங்கையோடு வந்தார். மான் வந்ததா என்று கேட்டேன். “வந்தது, வலப்புறம்” என்றார். அம்மையார் அவர் தோளிலிருந்து கயிற்றை வாங்கி, விளக்கடியில் விரித்து, முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.