ஓர் உறுதிமொழியின் சொற்கள்



சொல்லாராய்ச்சி வெறும் ஏட்டறிவு என்று கருதுவோர், 1921 டிசம்பர் 14 அன்று டப்ளின் நகரில் தொடங்கிய விவாதத்தைப் படித்தல் நன்று. அம்மாதம் 6ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான ஆங்கில-அயர்லாந்து உடன்படிக்கையை ஏற்பதா, மறுப்பதா? டாயில் எனப்படும் அயர்லாந்து மன்றத்தினர் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூடி வாதிட்டனர். ஐரிஷ் மொழியின் உரிமையைப் போற்றிய அம்மன்றம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வாதிட்டது என்பதையும் நாம் குறித்துக்கொள்வோம்.

பூசலின் மையம், உறுப்பினர் எடுக்கவேண்டிய உறுதிமொழி. அதனை நுணுகி நோக்கினால் இரு கடப்பாடுகள் தெரிகின்றன: சுதந்திர நாட்டின் அரசமைப்புச் சட்டத்திற்குப் பற்றுறுதி, மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு உண்மையாய் இருத்தல். முன்னது குடிமகன் அரசுக்குச் செலுத்துவது. பின்னது நிகரானோர் ஒருவர்க்கொருவர் காட்டுவதாகவும் இருக்கலாம். ஆதரித்தோர் இவ்வேறுபாட்டில் காலூன்றினர். மறுத்தோர்க்கோ அது சொல் விளையாட்டு. குடியரசுக்கு முன்னரே உறுதிமொழி அளித்திருந்த அவர்கள், மன்னரின் பெயர் வந்தபின் இந்த நுட்பம் எதற்கு என்று கேட்டனர். இலக்கணம் ஆதரித்தோர் பக்கமே நின்றது என்பது நம் கருத்து. ஆனால் மறுத்தோர் இலக்கணத்தைப் பற்றிப் பேசவில்லை.

நாட்டின் பெயரிலும் இதே சிக்கல். ஐரிஷ் மொழியில் குடியரசைக் குறிக்கப் பொப்லாக்ட், சேர்ஸ்டாட் என இரு சொற்கள் வழங்கின. 1916ஆம் ஆண்டுப் பிரகடனம் முன்னதைத் தலைப்பாகக் கொண்டது. 1919இல் டாயில் பின்னதை ஆண்டது. பின்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுதந்திர நாடு' என்றாகும். பிரிட்டிஷாருக்கு இது வாய்ப்பாயிற்று. அயர்லாந்தினர் தாமே ஆண்ட சொல்லின் மொழிபெயர்ப்பையே சூட்டி, குடியரசு என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டனர்!

மைக்கேல் காலின்ஸ் இதனை முடிவான விடுதலை என்று கூறவில்லை. அவ்விடுதலையை எட்டுவதற்கான விடுதலை என்றார். டி வேலரா மாற்று வரைவொன்றை முன்வைத்தார். வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிந்து நிற்பதைப் பற்றி மன்றம் பேசியது மிகச் சிறிதே; இது நமக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1922 ஜனவரி 7 அன்று ஆதரவு 64, எதிர்ப்பு 57. பெண் உறுப்பினர் அறுவரும் எதிர்த்தனர். ஜூனில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆகஸ்டில் காலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1927இல் அவைக்குள் நுழைவதற்காக டி வேலரா அதே உறுதிமொழி ஏட்டில் கையெழுத்திட்டார். அது பொருளற்ற வெறும் வாசகம் என்றார். 1933இல் அவருடைய அரசு அதனைச் சட்டத்திலிருந்தே நீக்கியது.